நாற்பது வீட்டுத் துணி

— மெதுவா பேசுடி, இப்பத்தான் கண்ண மூடுனா.

— ஐயோ, தொட்டில் இந்த ரூம்லயா இருக்கு? சத்தியமா தெரியாதுக்கா. எனக்கு வேற வெண்கலத் தொண்டை. நான் பேசுனா மலைக்கு அந்தப் பக்கம் மேயுற ஆடு திரும்பிப் பாக்கும்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு.

— வேற எங்க வைப்பேன்? தையல் மிஷினும் இங்கதான், அடுப்பும் இங்கதான். வா, இப்படி உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம். நாப்பது நாள் முடியற வரைக்கும் வெளியாளுக்குக் காட்டுறதில்ல, உனக்கே தெரியும்.

— தெரியும்க்கா, தெரியும். நான் புள்ளைய பாக்கணும்னு வரல. இங்கயே கதவோரமா இருந்துக்கறேன்.

— பின்ன எதுக்குடி வந்தே? மூணு வருஷமா போன்லயே பாத்த மூஞ்சி, சொல்லாம கொள்ளாம வாசல்ல வந்து நிக்குது. உங்க ஊரு அட்-பாஷி என்ன பக்கத்துத் தெருவா? ஜீபெக்குன்னு நீ பேரச் சொல்லலைன்னா கதவையே தெறந்திருக்க மாட்டேன். போட்டோல இன்னும் கொஞ்சம் சதை போட்டிருந்தே.

— நீங்க மட்டும் என்னவாம்? உம்சுனாய் அக்கான்னா ஆறடிக்கு இருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். போன்ல நம்ம ஒட்டுத்துணித் தையல் குழுவுல நீங்க மெரட்டுற மெரட்டு அப்படி. என் மொதத் தலகாணி உறையப் படம் எடுத்துப் போட்டப்ப, "முக்கோணத்தோட மூக்கு எங்கடி போச்சு"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே. அன்னைக்குப் பூரா அழுதேன்.

— மூக்கில்லாத முக்கோணத்த வேற எப்படிக் கேக்குறது? தையலுக்கு ஓரம் விடாம வெட்டுனா முனை உள்ள போயிடும்னு படம் போட்டு, வீடியோ போட்டு, தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லியாச்சு. அதுக்குள்ள ரீஸ்குல் வந்து, "எல்லாமே அழகுதான் என் கண்ணுங்களா"ன்னு ஒரு ரோஜாப்பூவப் போட்டுடுவா. அவ ரோஜாப்பூவுலயே என் போன் ரொம்பிப் போச்சு.

— நேத்து கூட ஒண்ணு போட்டாங்க, "துர்சுன் குட்டிக்கு"ன்னு. நீங்க புள்ள போட்டோ போட்ட ஒடனே. அந்தப் போட்டோல ஜன்னலுக்கு வெளிய ஒரே பனியா இருந்துச்சா, நான் பெரிய பூட்ஸ மாட்டிக்கிட்டு வந்தேன். இங்க எறங்குனா முழங்கால் வரைக்கும் சேறு.

— நேத்து காலைல பேஞ்சுது. மத்தியானமே கரைஞ்சுடுச்சு.

— உங்க கோச்கோர்ல எல்லாமே வேகம்தான் போல. கடைக்காரம்மாகிட்ட, கொழந்தை பொறந்த வீடு எதுன்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம கைய மட்டும் காட்டுச்சு.

— அது அப்படித்தான். வாயத் தொறந்தா வியாபாரம் ஓடிப்போயிடும் அதுக்கு. இந்தா, டீ குடி. பூர்சோக் எடுத்துக்கோ, இப்பத்தான் மாவு உருட்டி எண்ணெயில பொரிச்சேன், பாலாடை தொட்டுக்கோ. எதுக்கு வந்தேன்னு இன்னும் சொல்லல நீ.

— சொல்றேன்க்கா. புள்ளைக்கு நாப்பது வீட்டுத் துணியில தைச்சீங்களே, அந்தச் சட்டை முடிஞ்சிடுச்சா?

— முந்தாநாளே முடிஞ்சுது. படம் போட்டேனே.

— அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் வேன் ஏறுனேன். புள்ளைக்கு இன்னும் போடலையே?

— என்னடி கேக்குற, நம்ம பக்கம் பொறக்காதவ மாதிரி? நாப்பதாம் நாள் குளிப்பாட்டித்தான போடுவாங்க.

— அப்பாடா. அப்ப இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. அதக் கொஞ்சம் காட்டுங்களேன்.

— மொதல்ல கையத் தொடை, எண்ணெய். ம், இந்தா. கீழ் ஓரத்த மடிச்சுத் தைக்கல, பாத்தியா? ஆயுசு மடங்கிடக் கூடாதுல்ல. இந்த வெல்வெட்டு ரீஸ்குல் அனுப்புனது. வெல்வெட்டப் போயி பச்சப்புள்ள சட்டைக்கு அனுப்புறா பாரு, ஊசி ஒடிஞ்சதுதான் மிச்சம். இந்தக் கட்டம் போட்டது, மாஸ்கோவுல வேலைக்குப் போனாளே குல்ஸினா, அவ மகனோட பள்ளிக்கூடச் சட்டை. தோள்பட்டை பூரா ஏரிக்கரைக்காரிங்க குடுத்தது. நாப்பது வீட்டுத் துணிடி! புள்ளைங்க நோய் நொடி இல்லாம வளர்ற நாப்பது வீடு. எங்க மாமியா என்னா பேச்சு பேசுச்சு தெரியுமா? "தெருவுல வீடு வீடா ஏறி எறங்கி வாங்கறத விட்டுட்டு, போன்ல பிச்சை எடுக்கறா என் மருமக"ன்னு.

— அவங்க சொன்னதுதான் சரியோ என்னவோ.

— அடியே, நீயுமா?

— தெருவுல வாங்குனா, எந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சு வாங்குவீங்க. போன்ல என்ன தெரியும்? என் துணி எங்கக்கா இருக்கு?

— உன்னதா? இந்தா, நடு நெஞ்சுல. மஞ்சள்ல செர்ரிப்பழம். இருக்கறதுலயே அழகான துணி இதுதான். உன் பொண்ணு பெகிமாய் சட்டையில வெட்டுனதுன்னு எழுதியிருந்தியே. எனக்கு ஒடனே அவ மூஞ்சி வந்துடுச்சு, அந்த ஆப்பிள் கன்னமும் அவளும். அவள மாதிரி எம்பொண்ணும் வளரட்டும்னுதான் நெஞ்சுல வச்சேன். சுத்தியும் சிவப்புல முக்கோணம் வச்சு, ஒரு முனை கூட வெட்டுப்படாம. தடவிப் பாரு.

— இதப் பிரிச்சு எடுத்துடுங்கக்கா.

— எத?

— இந்த மஞ்சத் துணிய. வேற ஏதாவது வச்சுத் தைச்சுக்கலாம். நானே தைச்சுத் தர்றேன். நாப்பதுக்கு ஒண்ணு கொறையக் கூடாதுன்னா, வர்ற வழியில பாத்த அந்தக் கடைக்காரம்மாகிட்டயே ஒரு துண்டு வாங்கிட்டு வந்துடறேன். அவங்களுக்குப் புள்ளைங்க இருக்கு. வாசல்ல வெளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க, பாத்தேன்.

— உனக்குப் பைத்தியமா? நாப்பது வீட்டுச் சட்டைய தைச்சு முடிச்சா, பிரிக்கறதில்ல. பிரிச்சா புள்ளையோட ஆயுச பிரிச்ச மாதிரி. ஒரு உள்ளங்கையளவு துணிய குடுத்துட்டு, அதத் திருப்பி வாங்கிட்டுப் போறதுக்கா மலை தாண்டி வந்தே? கஞ்சப் பிசினாறின்னு கேள்விப்பட்டிருக்கேன், இந்த மாதிரி பாத்ததில்ல.

— பெகிமாய் இல்லக்கா.

— எங்க போயிருக்கா?

— எங்கயும் போகல. இல்ல. மண்ணுக்குள்ள இருக்கா.

— என்னடி சொல்ற?

— காய்ச்சல் வந்துச்சு. மலைப்பாதை பனியில மூடிக்கிடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு அவள கோட்டுக்குள்ள வச்சு, குதிரையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. பாதி வழியிலயே திரும்பி வந்துட்டாரு. அவரு மெதுவா வர்றதப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உசுரு இருந்தா குதிரைய வெரட்டிக்கிட்டுல்ல வருவாரு?

— ஐயோ, எந்தங்கமே. எப்படி! எப்ப இது? போன மாசம் கூட அவளப் பத்தி எழுதியிருந்தியே?

— நான் குழுவுல சேர்றதுக்கு முந்தின குளிர்காலம்.

— முந்தினதா?

— ஆமாங்க்கா. உங்க யாருக்கும் உசுரோட இருந்த பெகிமாய தெரியாது. அவ போனதுக்கு அப்புறம்தான் உங்களுக்கெல்லாம் பழக்கமானா.

— இல்ல. இரு. நான் பாத்திருக்கேன். குதிரை மேல உக்காந்திருந்தா.

— அது என் அக்கா மக. முதுகுப் பக்கமா எடுத்தது.

— பல்லு விழுந்துச்சுன்னு போட்டியே.

— விழுந்திருக்கும்க்கா. அந்த வயசுக்கு விழுந்திருக்கும்.

— பள்ளிக்கூடம் சேந்த அன்னைக்கு வெள்ளை ரிப்பன்…

— ரிப்பன் மட்டும்தான் அந்தப் போட்டோல இருந்துச்சு. மேசை மேல வச்சு எடுத்தேன். நீங்கதான் அதப் பாத்துட்டு, "எவ்வளவு வளந்துட்டா"ன்னு எழுதுனீங்க. நீங்க எல்லாரும் எழுதுனத ஒவ்வொண்ணா அவளுக்குப் படிச்சுக் காட்டுனேன். திட்டுங்க. எந்திரிச்சு வந்து அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

— எதுக்குடி இப்படிப் பண்ணுனே?

— பண்ணணும்னு பண்ணலக்கா, சத்தியமா. சேந்த அன்னைக்கு ரீஸ்குல் அக்காதான், "புள்ளைங்க எத்தனை"ன்னு கேட்டாங்க. இல்லன்னு அடிக்கப் பாத்தேன், கை வரல. ஒண்ணுன்னு அடிச்சுட்டேன். பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். எங்க வீட்டுல அந்தப் பேர யாரும் சொல்றதே இல்ல. மாமியா சொல்லாது, அவரும் சொல்ல மாட்டாரு, நான் சொன்னா எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. குழுவுல பாத்தா, "பெகிமாய் எப்படி இருக்கா, பெகிமாய்க்கு முத்தம்"னு பேர் பேரா வருது. அத எப்படி நான் விடுவேன், சொல்லுங்க?

— அந்தத் துணி? அத ஏன் குடுத்தே?

— எங்க மாமனாரு நெறஞ்ச வயசுல போனாரு. தெருவுக்கே துணி கிழிச்சுக் குடுத்தோம். அந்த ஆயுசு நமக்கும் வரட்டும்னு ஒவ்வொருத்தியும் வாங்கிட்டுப் போயி, மெத்தையில, போர்வையில வச்சுத் தைச்சாங்க. இப்ப அவரு எல்லார் வீட்டுலயும் இருக்காரு. எம்பொண்ணுக்கு? சின்னப்புள்ள செத்தா துணி கிழிக்கறதில்ல. குடுத்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க. ஒரு நூலக் கூட யாரும் எடுத்துட்டுப் போகல. அவ சட்டையெல்லாம் பொட்டிக்குள்ள மடிச்ச மடிப்பு கலையாம கெடந்துச்சு. உங்களுக்குத்தான் தெரியாதே, உங்களுக்கு அவ உசுரோட இருக்கறவ தானே. அதனால நீங்க வாங்குவீங்க. அதான் வெட்டுனேன்.

— வெட்டுனேன்னா? இந்த ஒரு துண்டு மட்டும்தானே?

— போன வருஷம் தபால்ல ஆளுக்கு ஆள் தைச்ச துணிக் கட்டம் மாத்திக்கிட்டோமே…

— ஜீபெக்.

— அதுல நான் யார் யாருக்கு அனுப்புனேனோ, அவங்க எல்லார்கிட்டயும் இருக்குக்கா. நீங்க முதுகுக்குச் சாச்சு வச்சிருக்கீங்களே, அந்தத் தலகாணியில நீலக்கோடு… எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க! ஒண்ணும் செய்யாது. அது அவ தூங்கறப்ப போட்டுக்கற சட்டை.

— அடிப் பாவி! எங்கள எல்லாம் என்னன்னு நெனச்சே? இதயெல்லாம் தலைக்கு வச்சுப் படுத்திருக்கேன்டி நான்! ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் கேக் படம் போட்டுப் போட்டு வாழ்த்துனோமே, வெக்கமா இல்லயா உனக்கு? செத்த புள்ளய உசுரோட இருக்கறதா காட்டி, ஊர் உலகத்துல இருக்கற வாழ்த்தையெல்லாம் வாங்கித் தின்னிருக்கே! அதோட நிறுத்துனியா? எத்தன வருஷம் கழிச்சு எனக்கு ஒண்ணு பொறந்துச்சு தெரியுமா? வயித்துலயே கரைஞ்சது போக, மருந்து, மாயம், மசாருக்கு, அந்தப் பெரியவங்க சமாதிக்கு நடந்த நடை! தங்கட்டும்னு சொல்லித்தான்டி துர்சுன்னே பேர் வச்சோம். அந்தப் புள்ள நெஞ்சுல தைக்கறதுக்கு இத அனுப்பியிருக்கியே, நீ மனுஷிதானா?

— இல்லதான்க்கா. நான் மனுஷியே இல்ல. அதனாலதான வந்திருக்கேன். எனக்கு அப்ப தோணல. ஒரு புதுப் புள்ள சட்டையில அவளுக்கு ஓர் எடம் கெடைக்குதேன்னு மட்டும்தான் தோணுச்சு. முந்தாநாள் நீங்க படம் போட்டீங்க பாருங்க, நடு நெஞ்சுல அத வச்சு, அப்பத்தான் திக்குன்னுச்சு. நேத்தும் சாப்பாடு எறங்கல. இன்னைக்கு விடிஞ்சதும் மொத வேனப் புடிச்சு வந்துட்டேன். பிளேடு குடுங்க, நானே பிரிக்கறேன். பாவம் என் தலையோட போகட்டும்.

— சட்டைய விடு.

— அக்கா, ஓரத் தையல் மட்டும்தான்…

— விடுன்னு சொல்றேன்ல! பிரிக்க மாட்டேன்.

— ஏங்க்கா? வேற யாரா இருந்தாலும் இந்நேரம் சட்டையோட சேத்து என்னையும் அடுப்புல தள்ளியிருப்பாங்க. நீங்க என்னன்னா அத மடியில வச்சுத் தடவிக்கிட்டு இருக்கீங்க.

— நல்லாத் தைச்சிருக்கேன். அதான்.

— உங்க வீட்டுக்காரரு எங்க? எசென் அண்ணன கூப்பிடுங்க, நான் அவருகிட்ட சொல்றேன். அவரு சொன்னா கேப்பீங்க.

— அவரு இங்க இல்ல. ஆடு குட்டி போடுற நேரம், மேல பட்டியில இருக்காரு.

— புள்ள பொறந்திருக்கற வீட்ட விட்டுட்டா?

— போயிட்டாரு. ஆம்பளைங்க போயிடுவாங்க. உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா, நீ குழுவுல இப்படி எழுதறது?

— தெரியாது. அவருகிட்ட பழைய போன்தான். அதுல பேச மட்டும்தான் முடியும்.

— போட்டோவுக்கு என்ன பண்ணுனே? எல்லாமே அக்கா மகதானா?

— அவளும் உண்டு, வேற புள்ளைங்களும் உண்டு. மூஞ்சி தெரியாம எடுப்பேன். இல்லன்னா கை மட்டும். குட்டிச் செருப்ப வாசல்ல கழட்டி வச்சு எடுப்பேன். ஜனங்க பாதியத்தான் பாப்பாங்க, மீதிய அவங்களே போட்டுக்குவாங்க. பழசு எதையாவது எடுத்துப் போட்டாலும் யாரும் கண்டுபிடிக்கறதில்ல.

— யாராவது வீடியோவுல காட்டச் சொன்னா?

— சிக்னல் இல்லம்பேன்.

— நேர்ல வர்றேன்னா?

— புள்ளைக்கு அம்மை போட்டிருக்குன்னு ஒரு தடவ சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கல.

— அம்மை. ம். அது நல்ல யோசனை. கனவுல உளறிட மாட்டியா? யாருகிட்ட என்ன சொன்னேன்னு எப்படி ஞாபகம் வச்சுக்கறே?

— ஞாபகம் வச்சுக்கறதுக்கு என்ன இருக்கு? அவ கூடத்தானக்கா நாள் பூரா இருக்கேன். காலைல எந்திரிச்சா, இன்னைக்கு அவ என்ன பண்ணுவான்னு யோசிப்பேன். பண்ணுவா. அதத்தான் எழுதுவேன்.

— நிறுத்தணும்னு தோணலயா?

— தோணாம? போனத் தூக்கி அடுப்புல போடணும்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன். போட்டா மறுபடியும் செத்துடுவாளே. ஒரு தடவ பாத்ததே போதும்க்கா.

— கணக்குப் பாத்தா, உனக்காவது மூணு வயசு வரைக்கும் இருந்தா. இப்படித்தான் வளருவான்னு உனக்கு ஒரு இது இருந்திருக்கும். ரொம்பச் சின்னதுன்னா கஷ்டம், இல்ல? மாசத்துக்கு ஒரு மூஞ்சி மாறும். அதுக்கு எங்க போறது?

— எதுக்குக்கா?

— சும்மா கேட்டேன். டீ எடுத்துக்கோ.

— நான் இன்னொண்ணும் சொல்லணும். சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னுதான் அடக்கி வச்சிருந்தேன். ஆனா பயந்தாத்தான் பிரிப்பீங்க போல இருக்கு. எனக்கு ஒரு கனவு வந்துச்சு. இத்தன வருஷத்துல அவ ஒரு தடவ கூட கனவுல வந்ததில்ல. நேத்து வந்தா. எங்க வீட்டு வாசல்ல, அந்தச் செர்ரிப்பழச் சட்டையோட நிக்கறா. "அம்மா, எனக்கு ஒரு தங்கச்சி வந்திருக்கா"ன்னு சொன்னா. ரொம்ப சந்தோஷமா சொன்னா. அலறிக்கிட்டு எந்திரிச்சேன். அவ கூப்பிடறாக்கா, உங்க புள்ளைய. அந்தத் துணிய வச்சுக்கிட்டுக் கூப்பிடறா. தயவுசெஞ்சு பிரிச்சுடுங்க.

— என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?

— யாரு?

— அந்தத் தங்கச்சி.

— என்னது?

— அழுதுக்கிட்டு இருந்தாளா?

— இல்லக்கா. அழல. பெகிமாய்தான் தூக்கி வச்சிருந்தா, இடுப்புல.

— தலைக்குக் கை குடுத்துத் தூக்கியிருந்தாளா? பச்சப்புள்ளைக்குக் கழுத்து நிக்காதுடி. உன் பொண்ணே சின்னது, அதுக்கு என்ன தெரியும். தலைக்கு அண்டக் குடுத்துக்கிட்டுத்தான் தூக்கணும்னு நீ சொல்லிக் குடுத்திருக்கியா?

— அக்கா.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— குடுத்திருந்தாக்கா. நல்லா அணைச்சுத்தான் வச்சிருந்தா. ஒரு கை தலைக்கு அடியில இருந்துச்சு. என்னப் பாருங்க.

— போர்த்தியிருந்தாளா?

— போர்த்தியிருந்தா. அக்கா, என்னை ஒரு தடவ நிமிந்து பாருங்களேன்.

— டீ ஆறுது, குடி.

— கிண்ணம் வழியுதுக்கா. விருந்தாளிக்கு இப்படி வழிய ஊத்துனா கெளம்புன்னுதான அர்த்தம், புரியுது. கெளம்பறேன். ஆனா நீங்க அந்தக் கத்துக் கத்துனீங்க, நானும் என் வெண்கலத் தொண்டைய எடுத்து அழுதேன். தொட்டில்ல ஒரு அசைவு இல்ல.

— நல்லாத் தூங்குவா அவ.

— பால் குடுக்கற பொம்பள மாரை இப்படி இறுக்கிக் கட்டிக்க மாட்டா.

— வாய மூடு.

— அம்மை நல்ல யோசனைன்னு சொன்னீங்களே. அது கோவத்துல கேக்கற கேள்வி இல்லக்கா. நீங்க கேட்டதெல்லாம் நான் எனக்கு நானே கேட்டுக்கிட்டது. ராப்பகலா கேட்டுக்கிட்டது.

— சத்தம் போடாதடி, எந்திரிச்சுடுவா.

— அக்கா…

— எந்திரிச்சுடுவான்னு சொல்றேன்ல!

— சரி. சரிங்க்கா. மெதுவாவே பேசறேன். நான் தொட்டில் மேல போத்துன துணியத் தொறக்க மாட்டேன். குழுவுல யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன், பெகிமாய் மேல சத்தியம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இல்லன்னா நான் இந்த மலையத் தாண்டி வீடு போய்ச் சேர மாட்டேன், எங்கயாவது விழுந்துதான் சாவேன். என் துணியாலயா? அது வந்ததுக்கு அப்புறமாக்கா துர்சுன் போனா?

— இல்லடி. உன் துணி வந்த அன்னைக்கு, அவ போயி ஏழாம் நாள் ஓதி முடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் நான் சட்டையவே தைக்க ஆரம்பிச்சேன்.